ஜீரோவுக்கு எதற்குக் கம்பி

அசனாலி என்னைவிடப் பதினோரு வயது மூத்தவன். முறையாக 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். நேரில் பேசிய நாளெல்லாம் 'பைகே', அதாவது அண்ணா, என்றே கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் அந்த 'ர்' வர மாட்டேன் என்கிறது. இப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

முன்பு சோவியத்தாக இருந்த எங்கள் நாட்டில், சூய் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் சீஸ் ஆலை. நான் அங்கே பத்தொன்பது வருடமாக எலக்ட்ரீஷியன். அசனாலி அங்கே தலைமை மின் பொறியாளராக ஒன்பது வருடம் இருந்தான். அஞ்சல் வழியில் வாங்கிய டிப்ளமோ ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு அவன் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும். ஆனால் அவனுடைய உண்மையான தொழில் கல்யாணங்களில் மைக் பிடிப்பது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெரிய விருந்தானாலும் அவன்தான் நடத்துவான். முன்பின் பார்த்திராத பெண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, அவளுடைய சொந்த மாமன்களையே அழவைப்பான். அப்படி ஒரு விருந்தில் அவன் பேச்சைக் கேட்டு மயங்கித்தான் எங்கள் டைரக்டர் அவனை ஆலைக்குக் கூட்டிவந்தார். மேலிடத்திலிருந்து குழு வந்தால் பேசுவதற்கு ஆள் வேண்டுமாம். மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் முக்காஷ் இருக்கிறானே என்று நினைத்திருப்பார். முக்காஷ் என்பது நான்.

ஒன்பது வருடத்தில் அவன் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை நான் பார்த்ததில்லை. சுவிட்ச் போர்டுக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். நாடி பார்த்த வைத்தியன் மாதிரித் தலையை ஆட்டுவான். ஏதாவது கேட்டால், கேட்டதற்குப் பக்கத்து வீட்டு விஷயமாக ஒரு கதை சொல்லிவிட்டு, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவான். தட்டு வாங்கியவன் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

குளிர்கால மின்வெட்டு தாங்க முடியாமல் ஆலைக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கினார்கள். இரும்புப் பெட்டிக்குள் அடைத்த பெரிய டீசல் ஜெனரேட்டர். செப்டம்பரில் வந்து முற்றத்தில் இறங்கியது. அங்கிருந்து மெயின் போர்டு வரைக்கும் அறுபது மீட்டர் கேபிள் இழுக்க வேண்டும். பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தில் நான்கு கம்பிகள் இருந்தன. மூன்று மின்சாரத்தைக் கொண்டுபோகிற கம்பிகள். நான்காவது, போன மின்சாரம் திரும்பி வருகிற கம்பி, நியூட்ரல். எங்கள் பக்கம் அதை 'ஜீரோ' என்போம்.

ஸ்டோரில் சோவியத் காலத்து மூன்று கம்பி கேபிள் ஒரு உருளை நிறையக் கிடந்தது. அசனாலியின் கண் அதன்மேல் விழுந்துவிட்டது.

"இதையே போட்டுடு தம்பி. நல்ல செம்பு. இப்பல்லாம் இப்படி யாரு செய்யறான்?"

"மூணுதான் பைகே இருக்கு இதுல. ஜீரோ இல்ல."

"அதோட பேரு என்ன?"

"ஜீரோ."

"ஜீரோன்னா எவ்வளவு?"

ஸ்டோர்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல!" என்றான் அசனாலி. மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்கிற குரல். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடா ஒரு கம்பி? அதைப் பூமியில கட்டிவிடு. பூமித்தாய் தாங்காததா? இந்தப் பக்கமும் பூமி, அந்தப் பக்கமும் பூமி. ஒரே பூமிதானே?"

ஸ்டோர்காரி கைதட்டினாள்.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பூமிதான். ஆனால் மண் செம்பு இல்லை. திரும்பி வர வேண்டிய மின்சாரத்துக்குக் கம்பி இல்லையென்றால் அது மண்ணில் முட்டி மோதித்தான் வர வேண்டும், முட்டுகிற இடத்தில் எல்லாம் ஆளை அடிக்கும். இதை நான் சொன்னேன். ஒருமுறை சொன்னேன். தோளில் தட்டினான். கேபிளை இழுத்தேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் இரும்புக் குழாய் ஒன்றைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, ஜெனரேட்டரின் நியூட்ரலையும் பெட்டியையும் அதில் கட்டினோம். எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டிய தாள் ஒன்று உண்டு. அளக்கும் கருவி ஆபீஸில் முட்டைக்கோஸ் ஊறவைத்த பீப்பாயின் மூடிமேல் பாரமாக உட்கார்ந்திருந்தது, பேட்டரி செத்து. நாலு ஓமுக்குள் இருந்தால்தான் நல்ல எர்த். அசனாலி தாளில் '3.2' என்று எழுதினான். மூன்று என்று எழுதினால் சந்தேகப்படுவார்களாம், அந்தப் புள்ளி இரண்டுதான் நம்பிக்கையைத் தருமாம். அளந்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவனைப் பற்றி நான் எழுதுகிற எதையும் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சோதனை ஓட்டத்தன்று பம்புகளை மட்டும் ஓட்டினோம். பம்பு மோட்டார் மூன்று கம்பியையும் சரிசமமாக இழுக்கும். திரும்பி வர மிச்சம் எதுவும் இருக்காது, அதனால் நியூட்ரல் இல்லாமலே சமர்த்தாக ஓடும். எல்லாம் ஓடியது. ஆடு அறுத்தார்கள். டைரக்டர் கைதட்டினார். பழைய கேபிளைப் பயன்படுத்திய சிக்கனத்துக்காக அசனாலிக்குப் புது வருடத்தன்று ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதற்கும் சட்டம் போட்டு மாட்டினான்.

ஜனவரியில் மண் உறைந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மின்வெட்டு. ஜெனரேட்டரைப் போட்டோம். மெயின் சுவிட்சைத் திருப்பிய உடனே ஆபீஸ் கட்டடத்தில் ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் ஒரு ஹீட்டர் எரிய ஆரம்பித்தது. அசனாலியின் மேஜைக்கடியில் இரண்டு. அந்தக் கட்டடம் முழுக்க ஒரே கம்பியில் இருந்தது. அவ்வளவு மின்சாரமும் திரும்பி வருவதற்கு இருந்த ஒரே வாசல், பனிக்கட்டியாக இறுகிய மண்ணில் நின்ற அந்த ஒரு மீட்டர் குழாய்.

மேல் கிராமத்துக் கல்நூர் குதிரை வண்டியில் பால் கொண்டுவந்திருந்தான். பனியில் லாரி ஏறாத நாட்களில் அவன்தான் வருவான். பால் கேன்களை இறக்குவதற்காகக் குதிரையை ஜெனரேட்டர் பெட்டியின் கதவு வளையத்தில் சங்கிலியால் கட்டினான். தோரு என்று பெயர், செம்பழுப்பு நிறம், ஏழு வயது. இரும்பு லாடம் அடித்த நான்கு கால்.

அது கனைக்கக்கூட இல்லை. முன்னங்கால் இரண்டும் மடங்கின. கழுத்து நீண்டு விறைத்துக்கொண்டது. கல்நூர் ஓடி வந்து சங்கிலியில் கை வைக்கப் போனான். நான் அவனை இடுப்போடு கட்டிப்பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டே கத்தினேன், "அணைங்கடா! ஜெனரேட்டரை அணைங்கடா!" அணைத்தபோது குதிரையின் விலா இன்னும் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எங்கள் ஊர். "கத்தி, கத்தி!" என்று நாலு பக்கமும் கூச்சல். எங்கள் பக்கம் குதிரை இறைச்சி சாப்பிடுவோம், ஆனால் உயிர் இருக்கும்போதே அறுத்தால்தான் அது இறைச்சி ஆகும். யாரோ கத்தி கொண்டுவந்தார்கள். கல்நூர் தானே அறுத்தான். அறுக்கும்போது அழுதான்.

ஆய்வகத்தில் பிரிட்ஜ் எரிந்துபோயிருந்தது, கூடத்தில் பதினான்கு விளக்குகள். அசனாலி வெளியே வந்து, குதிரையைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினான்.

"இதயம்," என்றான். "குளிர்ல ஏத்தம் ஏறி வந்திருக்கு. பந்தயக் குதிரைகளுக்கே இப்படி ஆகும்."

"பைகே, பெட்டியில கரன்ட் இருக்கு," என்றேன்.

"ஜெனரேட்டர்ல கரன்ட் இல்லாம தயிரா இருக்கும்?"

சிலர் சிரித்தார்கள். குதிரை முன்னால் கிடக்கும்போது சிரித்தார்கள். அந்த வாரக் கடைசியில் இறைச்சியை வேகவைத்துப் பங்கு போட்டபோது அசனாலி எழுந்து நின்று, மனிதனுக்காக உயிர் கொடுத்த நாலுகால் தோழனைப் பற்றிப் பேசினான். அவன் வாழ்நாளில் பேசியதிலேயே நல்ல பேச்சு அது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்நூர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

குதிரை செத்த மறுநாள் காலையிலேயே அசனாலி என் பட்டறைக்கு வந்திருந்தான், முகம் வெளுத்துப்போய். "தம்பி, அந்த நாலாவது கம்பி... அதைப் போட்டுடு. சத்தமில்லாம." அவனுக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தெரியாதவன் என்றால்கூட மன்னித்துவிடலாம்.

நான்காவது கம்பியைத் தனியாக இழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அவனை உட்காரவைத்துச் சொன்னேன்.

"பைகே, இப்ப ஜீரோவுக்குக் கம்பி இருக்கு. நம்ம மெயின் சுவிட்ச் ஜீரோவை மாத்தாது. ஊர் கரன்ட் ஓடினாலும் ஜெனரேட்டர் ஓடினாலும் ஒரே ஜீரோதான். அதனால ஒரே ஒரு இடத்துலதான் அதை எர்த்தோட சேர்க்கணும். மெயின் போர்டுல. ஜெனரேட்டர்ல இருக்கற முடிச்சை அவிழ்த்துட்டேன். பெட்டிக்கு மட்டும் தனியா எர்த் கம்பி போகுது."

"ரெண்டு இடத்துல சேர்த்தா?"

"திரும்பி வர்ற கரன்ட் பாதி கம்பியில வரும், பாதி குழாய்லயும் மெஷின் உடம்புலயும் வரும்."

தலையை ஆட்டினான். பிப்ரவரியில் எனக்கு நிமோனியா வந்து பன்னிரண்டு நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஆலை முழுக்கச் சுண்ணக்கட்டியில் சிலுவைக் குறிகள், குறி இருந்த இடமெல்லாம் புதிதாக வெல்டு செய்த இரும்புப் பட்டை. நியூட்ரலை ஏழு இடத்தில் எர்த்தோடு கட்டியிருந்தான். ஒவ்வொரு சின்ன போர்டிலும், உப்புநீர் அறையில், ஜெனரேட்டரில் நான் அவிழ்த்த இடத்திலும் திரும்ப. முற்றத்தின் குறுக்கே பால் குழாய் போகிற இரும்புப் பாலத்தோடு ஜெனரேட்டர் பெட்டியையும் சேர்த்து வெல்டு வைத்திருந்தான்.

"ஒரு முடிச்சு போட்டா ஒரு மடங்கு பத்திரம்," என்றான் பெருமையாக. "நான் ஏழு போட்டிருக்கேன். குழு வந்து பார்த்துட்டு கைகொடுத்துட்டுப் போச்சு."

கத்தினேன். அவனும் கத்தினான். இரண்டு பட்டைகளை வெட்டினேன். வேலையை விட்டுப் போ என்றான். மீதி ஐந்தை விட்டுவிட்டேன். இரண்டை வெட்டிவிட்டோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சீஸ் கூடத்தில் பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தலைமை சோனுன்பூ எஜே. எஜே என்றால் அக்கா. இருபத்தாறு வருடம் மோரிலும் உப்புநீரிலும் ஊறி, விரல்களெல்லாம் வெடித்த கைகள். அசனாலியைவிட மூத்தவள், ஊரிலேயே அவனை 'நீ' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். மார்ச் முதல் வாரத்தில் அவள் எங்கள் அறைக்கு வந்தாள்.

"ஜெனரேட்டர் ஓடற நாள்ல குழாய் கடிக்குது அசனாலி."

"கடிக்குதா? குழாய்க்குப் பல்லு முளைச்சிருச்சா எஜே?"

"உன் வாய்க்கு முளைச்சிருக்கு. குழாயைப் பாரு."

"ஈரக் கையில கொஞ்சம் சுரீர்னு இருக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கச் சொல்லுங்க. பொம்பளைங்க நரம்பு மெலிசு."

"இருபத்தாறு வருஷமா மெலிசா இல்லாத நரம்பு, நீ கட்டின பட்டையில மெலிஞ்சிருச்சாக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினோரு ஜோடி ரப்பர் செருப்பு வந்தது. அதற்கு மட்டும் அவன் தாமதிக்கவில்லை.

வெல்டர்கள் தங்கள் பட்டையைச் சேர்ப்பதற்காக, ஜெனரேட்டரில் நான் இறுக்கியிருந்த நியூட்ரல் போல்ட்டைக் கழற்றி, வாஷர் இல்லாமல் திரும்ப மாட்டியிருந்தார்கள். ஜெனரேட்டரின் அதிர்வில் அது நாளுக்கு நாள் தளர்ந்தது. மார்ச் பதினெட்டாம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்கு, முழுவதும் விட்டுப்போயிற்று. வழக்கமாக நியூட்ரல் கம்பி அறுந்தால் விளக்குகள் துடிக்கும், ஏதாவது எரியும், நமக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. திரும்பி வர வேண்டிய மின்சாரம் அத்தனையும் வழி மாறிப் பால் குழாயில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

பால் இறக்கி முடித்ததும் குழாயைக் கழுவ வேண்டும். சோனுன்பூ எஜே இணைப்பு வளையத்தைத் திருகிக் கழற்றி, குழாயின் இரண்டு நுனிகளையும் இரண்டு கைகளில் பிடித்துப் பிரித்தாள்.

நான் பக்கத்துக் கூடத்தில் இருந்தேன். ஒரு 'பட்' சத்தம், நீல வெளிச்சம். ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் சுவரோரம் விழுந்துகிடந்தாள், வாய் திறந்து, சத்தம் வராமல். வலது கையின் இரண்டு விரல்கள் கருகியிருந்தன. கை விடுபட்டுத் தூக்கி எறிந்ததால்தான் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாளும் மின்வெட்டு. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்த உடனே பத்துப் பெண்களும் வெள்ளை உடுப்போடு முற்றத்துக்கு வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே தொட்டிகளில் நான்கு டன் பால். டைரக்டர் ஓடி வந்தார்.

"பால் கெட்டுப்போகும், உள்ள போங்க!"

"கெடட்டும்," என்றாள் ஊல்கான். அவர்களில் இளையவள், அதுவரை கூட்டத்தில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. "பாலுக்கு விரல் இல்ல."

டைரக்டர் அசனாலியைப் பார்த்தார். அவன் முன்னால் வந்து, தொண்டையைக் கனைத்து, இரண்டு கைகளையும் விரித்தான். "சகோதரிகளே, நம்ம சோனுன்பூ எஜே எப்படிப்பட்ட தாய்—"

"பேசாதீங்க பைகே." ஊல்கான் அவன் முன்னால் ஸ்பேனரை நீட்டினாள். "ஜெனரேட்டர் ஓடிட்டிருக்கு. அதே குழாய்தான். போய்க் கழட்டுங்க. நீங்க கழட்டினா நாங்க எல்லாரும் உள்ள போறோம்."

அவன் ஸ்பேனரைப் பார்த்தான். அவ்வளவு பேரும் அவனைப் பார்த்தோம். ஜெனரேட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்த வாயில் சொல் இல்லாததைப் பார்த்தேன். நன்றாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

"கையுறை எடுத்துட்டு வரேன்," என்றான் கடைசியில். ஆபீஸ் கட்டடத்துக்குள் போனான். பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டான் என்று மதியம் தெரிந்தது.

"நீ கழட்டுவியா முக்காஷ்?" என்று கேட்டாள் ஊல்கான்.

"மாட்டேன்," என்றேன். "கழட்டினா செத்துடுவேன்." அப்புறம் டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கம்பி கேபிள், குதிரை, ஏழு முடிச்சு, நான் கையெழுத்துப் போட்ட அந்த மூன்று புள்ளி இரண்டு. அவர் நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னார். நான்கு டன் பாலும் பன்றிப் பண்ணைக்குப் போயிற்று.

மூன்று நாள் வேலை. ஒவ்வொரு பட்டையாக அறுத்தேன். நியூட்ரலும் எர்த்தும் மெயின் போர்டில், மணிக்கட்டு அகலச் செம்புத் தகடு ஒன்றில் மட்டும் சேர்ந்தன, வேறெங்கும் சேரவில்லை. பக்கத்துச் சர்க்கரை ஆலையிலிருந்து கருவி இரவல் வாங்கி அந்த ஒரு மீட்டர் குழாயை அளந்தேன். நாற்பத்தொன்று காட்டியது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உறைபனி எட்டாத ஆழத்துக்கு மூன்று தண்டுகள் இறக்கினேன். ஜெனரேட்டரை ஓடவிட்டு, எல்லாக் குழாயிலும் மீட்டர் வைத்துக் காட்டி, பிறகு என் ஈரக் கையை வைத்துக் காட்டினேன். ஊல்கான் ஒரு முறைக்கு இரண்டு முறையாக என்னைத் தொடச் சொன்னாள். கோபம் வரவில்லை. அவள் என்னையும் அதே தட்டில்தான் வைத்திருந்தாள். வைத்தது சரி.

அசனாலி மருத்துவமனைக்குப் போனான், ஒரு பாத்திரம் நிறைய இறைச்சியும் ஒரு பேச்சும் எடுத்துக்கொண்டு. நான் அப்போது அங்கே இருந்தேன். அவன் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் சோனுன்பூ எஜே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"முக்காஷ், கதவை மூடு," என்றாள். "அவனை வெளிய வச்சு மூடு."

விசாரணைக்கு வந்தார்கள். பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்காக என்னைத் தரமிறக்கினார்கள். அது நியாயம். தலைமை மின் பொறியாளருக்கு எச்சரிக்கைக் கடிதம். விசாரணைக் குழுவை வழியனுப்பிய மதிய விருந்தில் பேசியதும் அவன்தான். இரண்டு வருடம் கழித்து, பூங்கொத்தோடும் கம்பளி மேலங்கியோடும் ஓய்வு பெற்றான்.

சோனுன்பூ எஜேயின் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. பேக்கிங் பக்கம் மாறி, நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். கூடத்துக்கு இப்போது ஊல்கான் தலைமை. கல்நூர் பால் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான்.

அசனாலி கடைத்தெருவில் எதிரே வருவான், வெள்ளைத் தொப்பியும் கைத்தடியுமாக. எங்கள் ஊரில் மூத்தவனைக் கண்டால் இளையவன் கையைக் கொடுத்து சலாம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆறு வருடமாக நான் சொல்லாமல்தான் போகிறேன். அவன் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டிவிட்டுப் போகிறான். இன்னும் அவனுக்கு உறைக்கவில்லை.